ஒரே நாளில் வந்த கதவும் பெண்ணும்

அவர்கள் வேனைத்தான் கேட்டார்கள். நான் வேனோடு சேர்ந்து வந்தவன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின் எல்லாவற்றையும் சாப்பாட்டுக் கடைகளில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. கிள்ளானில் வெள்ளம் வந்து வடிந்த அந்த டிசம்பரில், எங்கள் முதலாளிக்குத் தெரிந்த சிலர் சேர்ந்து, வீடு கெட்டுப்போனவர்களுக்கு உதவக் கிளம்பினார்கள். பலகையும் சிமெண்டும் ஏற்றிப்போக ஒரு வண்டி வேண்டும் என்று கடைக்கு வந்து நின்றார்கள். முதலாளி சாவியை எடுத்துக் கொடுக்கவில்லை. என்னைக் கைகாட்டினார்.

"அவன் இல்லாம அந்த வேன் ஸ்டார்ட் ஆகாது."

உண்மைதான். அந்த கிளட்ச் என் காலுக்கு மட்டும்தான் பழகியிருந்தது.

எனக்குப் புது மனிதர்களோடு பழக வராது. சாமானை இறக்கினோமா, கையெழுத்து வாங்கினோமா, கிளம்பினோமா என்று இருப்பவன். முதல் சனிக்கிழமை, வேனை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் எல்லோரும் முழங்கால் சேற்றில் நின்று வாரிக் கொட்டிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கி ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். மண்வெட்டி பிடித்தவனிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த சனி, ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும் போனேன்.

எங்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் செந்தூலைச் சேர்ந்த ஒரு கன்ட்ராக்டர். வீடு ரிப்பேர் செய்கிறவர். வாய் ஓயாது. என்னை "வேன் அண்ணே" என்று கூப்பிடுவார். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டு நான் பதில் சொல்லத் தயங்கினால், "அவர விடுங்க, அவரு வாயத் தொறந்தா டோல் கட்டணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆற்றை ஒட்டிய கம்பத்துக் குடியிருப்பில் ஒரு அக்காவின் வீடு எங்கள் கைக்கு வந்தது. பாதி கல், பாதி பலகையாகக் கட்டிய பழைய வீடு. கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அக்கா ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறார். ஒரே மகள், கல்யாணமாகி செமினி என்ற ஊரில் இருந்தாள். வெள்ளத்தன்று அக்கா தனியாக இருந்திருக்கிறார். தண்ணீர் ஜன்னலைத் தொட்டதும் கூரைமேல் ஏறி, படகு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். அதைப் பற்றி அவர் பெரிதாகப் பேசவில்லை. ஐஸ் பெட்டியை, அதாவது ஃபிரிட்ஜைப் பற்றித்தான் பேசினார்.

"ஐஸ் பெட்டி மிதக்கும்னு யாராவது சொல்லியிருக்காங்களா தம்பி? கப்பல் மாதிரி வீட்டச் சுத்திச் சுத்தி வந்துச்சு. கடைசியில வாசல்ல போய் குறுக்கால மாட்டிக்கிச்சு."

தண்ணீர் வடிந்தபோது அது வாசலில் இறுகி நின்றுவிட்டது. அதை வெளியே எடுக்க, ஏற்கெனவே ஊறிப்போயிருந்த கதவு நிலையை உடைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வாசலுக்கு ஒரு நீல நிறக் கான்வாஸ்தான் கதவு. இரவில் அதன் கீழ்ப்பக்கத்தில் இரண்டு செங்கல்லை வைத்துக்கொண்டு அக்கா படுத்தார்.

நாங்கள் சேற்றை வாரினோம். அழுகிய பலகைகளைக் கழற்றிப் புதுப் பலகை வைத்தோம். தரைக்கு சிமெண்டு போட்டோம். மின்சாரக் கம்பியை உயரத்தில் இழுத்தோம். ஆனால் நிலையை மட்டும் வைக்க அக்கா விடவில்லை.

"மார்கழியில நிலை வைக்கக்கூடாது தம்பி. தை பொறக்கட்டும்."

"திருடன் மார்கழி பாத்துக்கிட்டு இருப்பானாக்கா?" என்று கன்ட்ராக்டர் கேட்டார்.

"திருட என்ன இருக்கு? ஐஸ் பெட்டியும் போயிருச்சு."

கன்ட்ராக்டரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவர் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். தை பிறந்து வருகிற முதல் நல்ல நாள் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு வைப்பதாக முடிவாயிற்று. நிலையும் கதவும் செய்து தயாராகக் காத்திருந்தன.

இதற்கிடையில் அக்காவின் மகளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். வளைகாப்பு வெள்ளத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்ப மாமியார் யோசித்தார். வெள்ளம் புகுந்த வீட்டில் பச்சைப் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அக்கா எங்களிடம் வேறு எதையுமே கேட்டதில்லை. தரை காய்ந்துவிடுமா, வாசம் போய்விடுமா, பிள்ளை வந்து படுக்கிற மாதிரி ஆகிவிடுமா என்று மட்டும்தான் ஒவ்வொரு வாரமும் கேட்டார். சமையலறைச் சட்டி ஒன்று மிஞ்சவில்லை. அதைப் பற்றிக் கவலை இல்லை. மகள் படுக்கிற அறைக்கு மட்டும் புதுத் திரைச்சீலை வாங்கி, பிளாஸ்டிக் பையிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நாங்கள் நிலையை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மகள் இறங்கினாள். பின்னால் மருமகன் பையோடு வந்தார்.

மார்கழியில் பெண்ணையும் அனுப்பமாட்டார்கள் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. தை பிறக்கட்டும் என்று அவர்களும் காத்திருந்திருக்கிறார்கள். அதே நாட்காட்டி, அதே நல்ல நாள்.

மருமகன் நிற்க நேரமில்லாமல் இருந்தார். கிள்ளானிலேயே சொந்தக்காரர் கல்யாணம் ஒன்று. அவர் அம்மாவை மண்டபத்தில் விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார்.

"சாயங்காலம் அம்மா வந்து வீட்டப் பாக்கிறேன்னு சொன்னாங்க அத்தை. பாத்துட்டு, சரியில்லன்னா கையோட கூட்டிட்டுப் போயிடலாம்னு..." சொல்லி முடிக்காமல் கான்வாஸ் தொங்கும் வாசலைப் பார்த்துவிட்டுப் போனார்.

கன்ட்ராக்டர் கையைத் தட்டினார். "சரி, சாயங்காலத்துக்குள்ள கதவு நிக்கணும். சுவத்தக் கொத்துங்க."

உளியை ஒருவர் சுவரில் வைக்கவும் இல்லை, பக்கத்து வேலியிலிருந்து ஒரு சத்தம். துணி உலர்த்திக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், ஈரத்துணியோடு ஓடி வந்தார்.

"தாபோலே! தாபோலே! பந்தாங்!"

கூடாது, ஆகாது என்கிறார். அவர் கை மகளின் வயிற்றைக் காட்டியது. அக்கா அப்போதுதான் நினைவு வந்தவர்போல நெற்றியில் அடித்துக்கொண்டார். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி வீட்டில் இருக்கும்போது சுவரைக் கொத்தக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, நிலை வைக்கவே கூடாது. அது எங்கள் ஆட்களுக்கும் உண்டு.

"ட்ரில் போட்டு ஸ்க்ரூ முடுக்கறதுதானேக்கா, ஆணி இல்லையே" என்றார் கன்ட்ராக்டர்.

"சுவத்துல போடறது ஓட்டைதானே தம்பி?"

அந்த நேரம் பார்த்து ஹார்ட்வேர் கடைக்காரச் சீனர் கீல்களைக் கொடுக்க மோட்டார் சைக்கிளில் வந்தார். மகளைப் பார்த்தார். பையை வாசலுக்கு வெளியே தரையில் வைத்தார். "பெரிய வயிறு இருக்கு, தட்டாதே பாஸ்" என்று மலாயில் சொல்லிவிட்டு, காசைக்கூட வாங்காமல் வண்டியைத் திருப்பினார்.

கன்ட்ராக்டர் தலையில் கை வைத்தார். "எலெக்சன்ல ஒத்துப்போக மாட்டோம், சாப்பாட்டுல ஒத்துப்போக மாட்டோம். ஆணி அடிக்கறதுல மட்டும் மூணு இனமும் ஒண்ணாப் போயிட்டோம்."

மகள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. கதவில்லாத வீட்டைச் சம்பந்தி பார்த்தால் அந்த நிமிடமே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கதவு வைக்க வேண்டுமென்றால் மகள் இங்கே இருக்கக்கூடாது. தன் வீட்டில் வந்து உட்காரட்டும் என்றார் மக்சிக். அதற்கும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கொத்துகிற சத்தம் பிள்ளை காதில் விழக்கூடாதாம்.

"அப்ப தூரமா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகட்டும்" என்ற கன்ட்ராக்டர், திரும்பி என்னைப் பார்த்தார்.

கன்ட்ராக்டர் லோரியில் மணல் இருந்தது. வேறு வண்டி இல்லை. அக்கா ஏற்கெனவே இரண்டு தலையணையோடு வேன் கதவைத் திறந்துகொண்டிருந்தார். மகளை முன் சீட்டில் உட்கார வைத்து, முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று சொருகினார்.

"தம்பி, பள்ளம் பாத்து."

அந்த நாளில் நான் ஓட்டிய மாதிரி என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் சாலையெல்லாம் குழி. ஒவ்வொன்றையும் தூரத்திலேயே பார்த்து ஒதுக்கினேன். பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு குழியில் சக்கரம் லேசாக இறங்கியதற்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுதான் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"அங்கிள், நடந்து போறவங்க நம்மள ஓவர்டேக் பண்றாங்க" என்றாள்.

நான் இன்னும் மெதுவாகப் போனேன்.

கொஞ்ச தூரத்தில் மரத்தடியில், ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்டுத் தரும் ஒரு செண்டோல் கடை இருந்தது. அவளுக்குச் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது என யோசித்துக்கொண்டிருந்தேன். "நிறுத்துங்க அங்கிள், இந்த வாசத்துக்கு மேல என்னால முடியாது" என்று அவளே சொல்லிவிட்டாள். வேனுக்குள் மிளகாய், மல்லி, பெருங்காயம் எல்லாம் கலந்த வாசம். எனக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை.

கடைக்கார அக்கா அவளை ஒரு தரம், வேனை ஒரு தரம், கடைசியில் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ஏண்ணே, நெற மாசத்துப் பொண்ண இந்த டப்பாவுல ஏத்திக்கிட்டு சுத்துறீங்க? கிராப் டாக்சியில அனுப்பக்கூடாதா?"

"வீட்ல சுவத்த..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

"வீட்ல ஆணி அடிக்கிறாங்கக்கா. அதான் தொரத்தி விட்டுட்டாங்க" என்றாள் அவள்.

"ஓ, அப்படியா? அது சரி, அது சரி" என்று கடைக்காரர் ஒரே நொடியில் சமாதானமாகிவிட்டார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் கிண்ணத்தில் பனைவெல்லம் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினார்.

அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். நான் என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பேசமாட்டேன் என்று தெரிந்ததாலோ என்னவோ, அவள் பேச ஆரம்பித்தாள்.

"அத்தை கெட்டவங்க இல்ல அங்கிள். வீட்ல என்னைய ஒரு வேலை செய்ய விடமாட்டாங்க. அவங்க பயம் அவங்களுக்கு."

நான் தலையாட்டினேன்.

"அம்மா என்னைய நல்லாப் பாத்துக்கணும்னுதான் கூப்பிடுறாங்கன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அம்மாவும் அப்படித்தான் நெனைக்குது. நான் அதுக்கு வரல." கரண்டியால் ஐஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அம்மா கூரை மேல இருந்தப்ப நான் போன்லதான் இருந்தேன். பேசிக்கிட்டே இருந்துச்சு. மக்சிக் வீட்டுக் கோழியெல்லாம் மாமரத்துல உக்காந்திருக்குன்னு சொல்லிச் சிரிக்குது. அப்புறம் பேட்டரி போயிருச்சு. மறுநாள் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுலேர்ந்து மழை பேஞ்சா எனக்குத் தூக்கம் வராது. சும்மா போய் அம்மாகூட இருக்கேன்னு சொன்னா விடுவாங்களா? பிரசவம்னு சொன்னா மூணு மாசம் இருக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"இன்னொன்னு சாப்பிடறியாம்மா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு, சரி, ஒரு அரைக் கிண்ணம் என்றாள்.

திடீரென்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றாள். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. சாவி கையில் இருந்தது, எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சாலை என்றெல்லாம் மனதில் ஓடிவிட்டது.

"உதைக்குது அங்கிள், அவ்வளவுதான். உக்காருங்க."

கடைக்கார அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

கன்ட்ராக்டர் போன் செய்தபிறகு திரும்பினோம். நிலை நின்றிருந்தது. மக்சிக் வீட்டு மாவிலை மேலே தொங்கியது. கீழ்ப்பகுதியில் மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

"அக்காவே வச்சாங்க" என்று கன்ட்ராக்டர் என் காதருகில் சொன்னார். "புருசன் இல்லாதவ வைக்கக்கூடாதுன்னு மொதல்ல பின்னால போயிட்டாங்க. உங்க வீட்டுக்கு நீங்க வைக்காம நானா வைக்கிறதுன்னு கேட்டேன்."

மகள் வலதுகாலை வைத்து உள்ளே போனாள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்திப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். மறுபடி சாத்தினாள். அக்கா அந்தப் புதுத் திரைச்சீலையைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார்.

சாயங்காலம் சம்பந்தி அம்மா பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக மண்டபத்திலிருந்து நேரே வந்தார். கதவைப் பார்த்து நல்லா இருக்கிறது என்றார். தரையை மிதித்துப் பார்த்தார். மகள் படுக்கிற அறைக்குப் போய் சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஒரு மூலையில் குனிந்து மோந்து பார்த்தார். அந்த மூலை எங்களுக்கும் தெரியும். எவ்வளவு காயவைத்தும் அங்கே மட்டும் சேற்றின் வாடை விடவில்லை.

"வேலை செஞ்சிருக்கீங்க, இல்லைன்னு சொல்லல" என்றார். "ஆனா இந்த வாசத்துல பச்சப் புள்ளைய எப்படிப் படுக்க வைக்கிறது? நெஞ்சுல சளி கட்டினா யாரு பாக்கிறது?"

அக்கா சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். விரல்களில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"நீங்க சொல்றது சரிதான் சம்பந்தி" என்றார் மெல்ல. "கூட்டிட்டுப் போங்க. நான் லீவு நாள்ல வந்து வந்து பாத்துக்கிறேன்."

மருமகன் பையை எடுத்தார். மகள் அம்மாவைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து நின்றாள். கன்ட்ராக்டர்கூட வாயைத் திறக்கவில்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு அவங்கம்மாவுக்காக வந்திருக்கு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"நீங்க யாரு?" என்றார் சம்பந்தி அம்மா.

"வேன் ஓட்டுறவன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வரவில்லை. "அந்த மூலை ஈரமாத்தான் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அக்கா கூரை மேல தனியா இருந்ததுலேர்ந்து அதுக்குத் தூக்கம் இல்லையாம். பிரசவம்னு சொன்னாத்தான் அம்மாகூட இருக்க விடுவாங்கன்னு வந்திருக்கு. அதுக்குத்தான்."

மகள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்காகவா?" என்று கேட்டார். "ஏன்டி, எனக்காகவா வந்தே?"

மகள் அழுதாள். சம்பந்தி அம்மா அவளருகில் போனார். கோபமாகப் பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இத எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் என்ன பேயா, பிசாசா?" என்றார். முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தார். பட்டுச்சேலை நனைவதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "பையக் கீழ வை. நீ போ. நான் இன்னிக்கு இங்கதான் படுக்கப்போறேன். எனக்கு ஆஸ்துமா, கொஞ்சம் தூசி பட்டாலே இழுக்கும். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா புள்ளைக்கும் ஆகாது. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

"அம்மா, மாத்துத் துணி..."

"சம்பந்தி கிட்ட இல்லாத துணியா?"

அன்று வீட்டுக்குப் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பெண் நம்பிச் சொன்னதை ஊர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேனே என்றிருந்தது. அந்த அம்மாவுக்கு மூச்சு இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை வேறு. மனைவியிடம் சொன்னேன். "நீங்களா பேசினீங்க?" என்று அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் சம்பந்தி அம்மா அக்காவின் பூப்போட்ட காஃப்தானோடு, நேற்றைய பூ தலையில் வாடித் தொங்க, காப்பி குடித்துக்கொண்டிருந்தார். காஃப்தான் அவருக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது.

"வாங்க வேன்காரரே. அந்தக் கோழிங்களுக்கு நேரங்காலம் கிடையாதா? விடியறதுக்கு முன்னாலேயே கத்துது."

மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னால் வந்த கன்ட்ராக்டர் கேட்டார்.

"இழுக்கல" என்றார் அவர். "ஆனா அந்த மூலை சரியில்ல. மேல, கூரைக்குக் கீழ, காத்து வெளிய போற மாதிரி ஒரு ஓட்டை போட்டு வலை அடிங்க. அத என் கண்ணால பாத்துட்டுத்தான் நான் செமினி போவேன்." காப்பியை ஒரு வாய் குடித்தார். அக்கா இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னார். "மூணு மாசம் கழிச்சு வந்து மருமகளையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கும் துணை வேணும்ல."

அக்கா சம்பந்தியின் கிளாஸில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார்.

கன்ட்ராக்டர் ஏணியைத் தோளில் எடுத்தார். "ஒரு மணி நேர வேலை. வேன் அண்ணே, பாப்பாவ ஏத்துங்க. செண்டோல் கடை இந்நேரம் தொறந்திருக்காது, சும்மா சுத்திட்டு வாங்க."

"ஷ்ஷ்" என்றார் அக்கா. அறையைக் காட்டினார். "ராத்திரி பூரா இடுப்பு வலின்னு பொரண்டுக்கிட்டே இருந்தா. இப்பத்தான் கண்ணசந்திருக்கா."

திரைச்சீலை இடுக்கில் மகள் தெரிந்தாள். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தாள்.

கன்ட்ராக்டர் ஏணியைச் சத்தமில்லாமல் கீழே சாய்த்தார். உளியைப் புல்லில் வைத்தார். வேலைக்கு வந்த மற்றவர்கள் வேலியோரமாக உட்கார்ந்தார்கள். மக்சிக் வாழையிலையில் சுற்றிய நாசி லெமாக் சோறு கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். கன்ட்ராக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தி அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வெயில் ஏறியது. நாங்கள் நிழலுக்கு நகர்ந்து உட்கார்ந்தோம். அக்கா உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னும் தூங்குறா" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.